இருதயம்மாளின் மாமரம் ஏன் பிஞ்சு உதிர்த்தது

கத்திவாக்கத்தில் இருதயம்மாளின் மாமரத்துக்கு வைத்தியம் சொல்லாத ஆளே கிடையாது. அடிமரத்தில் இரும்பு ஆணி அடி என்றார்கள், அடித்தாள். பழைய செருப்பையும் தேய்ந்த துடைப்பத்தையும் கிளையில் கட்டித் தொங்கவிடு என்றார்கள், அதையும் கட்டினாள். மாதா கோயிலுக்குப் போகிறவள் இதெல்லாம் செய்யலாமா என்று கேட்ட மகராசி ஒருத்தியிடம், "நான்தானே ஞானஸ்நானம் வாங்கிக்கினேன், மரமா வாங்கிச்சி?" என்று வாயை அடைத்தாள். போதாததற்குக் கோயிலிலிருந்து தீர்த்தத்தைப் பாட்டிலில் பிடித்து வந்து வேரில் தெளித்தாள். மரம் எதற்கும் மசியவில்லை. தை மாதம் இலை தெரியாமல் பூக்கும். மாசியில் மிளகு மிளகாகப் பிஞ்சு பிடிக்கும். அது கோலிக்குண்டு அளவுக்கு வருவதற்குள், பங்குனி வெயிலில், ஒவ்வொன்றாகக் காம்போடு கழன்று விழுந்துவிடும். காலையில் கதவைத் திறந்தால் மணலெல்லாம் பிஞ்சு கிடக்கும்.

ஊரில் எத்தனையோ மரம் காய்க்காமல் நிற்கிறது, இதிலென்ன என்று விட்டிருக்கலாம். இருதயம்மாள் விடவில்லை. அந்த மரத்தை வைத்து மருமகளை ஒரு வார்த்தை சொன்னாள். அந்த வார்த்தை மருமகளையும் கூட்டிக்கொண்டு போனது, மகனையும் கூட்டிக்கொண்டு போனது. அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதுதான் அவளுடைய கடைசி ஆசையாக இருந்தது. இரண்டாயிரத்து இரண்டாம் வருஷம் வைகாசியில் ஒரு பை மாங்காயோடு அவள் ராயபுரத்துக்கு பஸ் ஏறியது அதற்காகத்தான்.

அவள் பிறந்ததும் ராயபுரம்தான். கட்டிக்கொண்ட வால்டர் ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கிற கேங்மேன். பொழுது சாய்ந்தால் வீடு, ஞாயிற்றுக்கிழமை பூசை, மாதத்தில் ஒரு நாள் குடி என்று ஒழுங்காக இருந்த மனுஷன். கத்திவாக்கத்தில் துண்டு நிலம் வாங்கி ஓட்டு வீடு கட்டியதும் அவர், கொல்லையில் அந்த மாங்கன்றை நட்டதும் அவர். மரம் பூப்பதைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. நெஞ்சு வலி என்று வேலையிலிருந்து பாதியில் திரும்பியவர், வாசலில் சைக்கிளைக்கூட சாத்தவில்லை, அப்படியே உட்கார்ந்து போய்விட்டார். சைமன் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான்.

அதற்கப்புறம் இருதயம்மாள் கருவாட்டில் இறங்கினாள். விடியலில் காசிமேட்டுத் துறையில் வாளை மீனும் காரப்பொடி மீனும் எடுத்து வருவாள். கொல்லையில் மரத்தை ஒட்டியே ஒரு சிமெண்டுத் தொட்டி கட்டி, மீனைக் கீறி, குடலை எடுத்து, கல்லுப்பு போட்டு அதில் ஊறவைப்பாள். ஊறியதை எடுத்து மணலில் வலை விரித்துக் காயப்போடுவாள். மீன் கழுவிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றினால் செடி மதமதவென்று வளரும் என்பது மீனோடு புழங்குகிற ஜனங்கள் எல்லாருக்கும் தெரியும். இருதயம்மாள் ஒரு படி மேலே போனாள். கழுவிய தண்ணீருக்கே இத்தனை சத்து என்றால், நாள் முழுக்க மீன் ஊறிய தொட்டித் தண்ணீரில் எத்தனை சத்து இருக்கும்! ரத்தமும் உப்பும் கலந்து சிவந்து கிடக்கும் அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டைக்கூட அவள் சாக்கடைக்கு விட்டதில்லை. வாளி வாளியாக மொண்டு மாமரத்தின் அடியில் ஊற்றுவாள். இடுப்பு வலிக்கும். மகனுக்குச் சோறு போடுகிற அதே முகத்தோடுதான் ஊற்றுவாள்.

சைமன் வளர்ந்து துறைமுகத்தில் காண்டிராக்ட் வேலைக்குப் போனான். ராயபுரத்தில் லியோனார்ட் என்பவனின் தங்கை ஜானட்டைப் பேசி முடித்தார்கள். தொண்ணூற்றெட்டு தை மாதம், தவக்காலம் வருவதற்குள் கல்யாணம். ஜானட் ஒண்டுக் குடித்தனத்தில் பிறந்து வளர்ந்தவள். அங்கே குழாயடிக்கும் கக்கூசுக்கும் நடுவில் ஒரு துளசிச் செடிக்குக்கூட இடம் கிடையாது. கொல்லையில் ஒரு முழு மாமரம் நிற்கிற வீட்டுக்கு வந்ததில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. புருஷனைப் பார்த்ததைவிட மரத்தைப் பார்த்ததுதான் அதிகம் என்று சைமன் கேலி செய்வான்.

பிஞ்சு பிடித்த அன்றைக்குக் கொல்லையிலிருந்து கத்தினாள்.

"அத்தே, இங்க வந்து பாரேன்! ஒண்ணு, ரெண்டு, மூணு... யம்மா, எத்தினி கீது!"

இருதயம்மாள் மீன் கத்தியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். ஜானட் ஆள்காட்டி விரலை நீட்டி எண்ணிக்கொண்டிருந்தாள்.

"அடியே, வெரல மடக்கு! பிஞ்சப் பாத்து வெரல நீட்டுனா அழுகிப் பூடும்னு ஒங்காத்தா சொல்லலியா?"

"ஐய, அப்டியா?" என்று ஜானட் சிரித்தாள். விரலை மடக்கிக்கொண்டு, முட்டியால் காட்டி, விட்ட இடத்திலிருந்து எண்ணினாள். இருதயம்மாளும் சிரித்தாள். அப்போது அது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

அந்தப் பங்குனியில் பிஞ்சு ஒன்றுவிடாமல் விழுந்தது. முந்தின வருஷங்களிலும் விழுந்ததுதான். ஆனால் இந்த வருஷம் எண்ணிய விரல் ஒன்று வீட்டிலேயே இருந்தது. இருதயம்மாள் மணலைக் கூட்டும்போது மட்டும் மருமகளின் கையை ஒருதரம் பார்த்தாள்.

அடுத்த வருஷம் மரம் பூத்தபோது ஜானட்டும் முழுகாமல் இருந்தாள். இருதயம்மாளுக்குக் கால் தரையில் பாவவில்லை. மருமகளுக்கு மீன் முள்ளை எடுத்து ஊட்டாத குறை. கனமான குடத்தைத் தொடவிடவில்லை. வால்டரின் பழைய வேட்டிகளை எல்லாம் துவைத்து, கிழித்து, பிள்ளைத்துணிக்கென்று மடித்து வைத்தாள். ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள்.

"கொல்லைக்கு மட்டும் போவாத ஜானட்டு. பிஞ்சு நிக்கிற வரைக்கும் மரத்தாண்ட வராத. துணிய வாசல்ல காயப்போட்டுக்க."

ஜானட் அடுக்களைக் கதவு வரைக்கும் வந்து, நிலைப்படியைத் தாண்டாமல் நின்று, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு மரத்தைப் பார்ப்பாள். யாரும் கட்டச் சொல்லாமலே கட்டிக்கொண்டாள். அதை இருதயம்மாள் பார்த்தாள். பார்த்துவிட்டு வாளியோடு மரத்தடிக்குப் போனாள்.

மரம் அந்த வருஷமும் உதிர்த்தது. அதே பங்குனியில், ஐந்தாம் மாதத்தில், ஜானட்டுக்கு வயிற்றில் தங்கவில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா, சில சமயம் இப்படி ஆகிவிடும், காரணம் சொல்ல முடியாது, அடுத்தது நன்றாக இருக்கும் என்றாள். இருதயம்மாள் வெந்நீர் பிளாஸ்கோடு வார்டுக்கு வெளியே நின்றாள். கத்திவாக்கத்திலிருந்து பார்க்க வந்தவர்கள் சுற்றி நின்றார்கள். அந்தப் பிள்ளை அவளுக்கு வெறும் பேரப்பிள்ளை இல்லை, வால்டரே திரும்பி வருவதாக நினைத்துக்கொண்டிருந்தாள். அழுகையோடு அழுகையாக அந்த வார்த்தை வந்தது.

"மரத்துல கை வெச்சா, அது போச்சி. வயித்துல வெச்சா, இதுவும் போச்சி. அவ கை அப்டி!"

கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே ஜானட் முழித்துக்கொண்டுதான் படுத்திருந்தாள்.

துக்கத்தில் சொன்னதுதான். அதை யாரும் மறுக்கப் போவதில்லை. ஆனால் துக்கத்தில் சொன்னது என்பதற்காகக் காதில் வேறு மாதிரியா விழும்? ஜானட் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அண்ணன் வீட்டுக்குப் போனாள். திரும்பி வரவில்லை. நாலு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வந்த சைமன், ஐந்தாவது வாரம் பெட்டியில் சட்டைகளை அடுக்கினான்.

"இன்னாடா, பொண்டாட்டி பேச்ச கேட்டுக்கினு கெளம்பிட்டியா?"

"அவ ஒண்ணும் பேசலம்மா," என்றான் சைமன். "ஒரு வார்த்த பேச மாட்டேங்கிறா. அதுக்குத்தான் போறேன்."

கோபித்துக்கொண்டு போயிருந்தால் சண்டை போட்டிருப்பாள். அவன் அப்படிச் சொன்னதும், கொடியில் விட்டுப்போன சட்டையை எடுத்து அவளே பெட்டியில் வைத்தாள்.

மருமகள் போன பிறகாவது மரம் காய்க்க வேண்டுமே! இரண்டாயிரத்தில் உதிர்த்தது. இரண்டாயிரத்து ஒன்றிலும் உதிர்த்தது. விரலும் இல்லை, எண்ணுகிற ஆளும் இல்லை. இருதயம்மாளுக்கு அது புரியாமல் இல்லை. புரிந்ததை மென்று விழுங்கிவிட்டாள். அடுத்த வீட்டு ராசையா, ஒரு கம்பெனியில் தோட்டக்காரன், மதில் மேல் எட்டிப் பார்த்து, "இந்த வருசமும் பூட்சா யக்கா?" என்று கேட்டபோது, "எல்லாம் இந்த பவர் ஹவுஸ் கரிச் சாம்பல்தாம்பா" என்றாள்.

"எங்கூட்டு மரத்து மேலயும்தான் அந்தச் சாம்பல் வுழுது. அது காய்க்குதே."

இருதயம்மாள் காது கேட்காதவளாக உள்ளே போய்விட்டாள்.

அந்த ஆடியில் மஞ்சள் காமாலை வந்து படுத்தாள். கண்ணெல்லாம் மஞ்சள். எழுந்தால் தலை சுற்றும், மீன் வாடை பட்டாலே குமட்டும். சைமன் வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான், சில நாள் கூடவே இருந்தான். அதற்குப் பிறகும் தூக்கு நிறையக் கஞ்சியோடு அடிக்கடி வந்தான். கஞ்சி யார் வைத்தது என்று அவள் கேட்கவில்லை. சைமனுக்கு அடுப்புப் பற்றவைக்கத் தெரியாது என்பது பெற்றவளுக்குத் தெரியாதா? சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு குடித்தாள். குடிக்கக் குடிக்க அழுகை வந்தது.

பொங்கலுக்குப் பிறகும் அவள் கருவாடு போடவில்லை, தொட்டி சும்மா கிடந்தது. ஐப்பசி, கார்த்திகை மழை கொல்லை மணலைக் கழுவிக்கொண்டு போனது. தையில் மரம் பூத்தது. மாசியில் பிஞ்சு. பங்குனியில் வழக்கம்போல விழ ஆரம்பித்தது. இருதயம்மாள் துடைப்பத்தை எடுத்து வைத்துக்கொண்டாள். ஆனால் கொஞ்சம் விழுந்து நின்றுவிட்டது. சித்திரையில் அண்ணாந்து பார்த்தால் கோழிமுட்டை அளவில் காய்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. கண் கலங்கிப் போய் ராசையாவைக் கூப்பிட்டாள்.

"இன்னா யக்கா, எதுனா புதுசா உரம் வெச்சியா?"

"படுத்துக்கினு கெடந்தேன், நான் இன்னாத்த வெக்கிறது? ஒரு வாளி தண்ணிகூட ஊத்தல."

ராசையா தொட்டியைப் பார்த்தான். உள்ளே சருகு கிடந்தது.

"கருவாட்டுத் தண்ணி?"

"அதுவும்தான் ஊத்தல. பாவம், சத்தில்லாம நிக்கிது மரம்."

"அடப்பாவமே," என்றான் ராசையா. "அதையா இத்தினி வருசமும் ஊத்திக்கினு இருந்த? நீ சாக்கடைலதான் கொட்றேன்னு நெனச்சிக்கினு இருந்தேன். யக்கா, மீன் கழுவுன தண்ணி வேற, இது வேற. மண்ணுல உப்பு ஏறிச்சின்னா, ஈரம் இருந்தாகூட வேரால குடிக்க முடியாது. தாகத்துல நிக்கிற மரம் இன்னா பண்ணும்? தன் உசுர காப்பாத்திக்கணும்னா மொதல்ல பிஞ்சத்தான் வுடும்."

"இப்பகூடக் கொஞ்சம் வுழுந்திச்சேப்பா?"

"அது எல்லா மரத்துலயும் வுழும். புடிக்கிற அத்தினியையும் எந்த மரமும் தாங்காது. தன்னால முடிஞ்சத வெச்சிக்கினு மீதிய அதுவா கழிச்சிடும். அதுக்கு யாரு கையும் காரணமில்ல."

அவன் மரத்தைப் பற்றித்தான் சொன்னான். ஆஸ்பத்திரிப் பேச்சு எதுவும் அவனுக்குத் தெரியாது. இருதயம்மாள் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டாள். யக்கா, மயக்கமா என்று கேட்டான். இல்லை என்று தலையை ஆட்டினாள். தன்னுடைய இரண்டு கையையும் மடியில் போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வாளி தூக்கித் தூக்கிக் காய்த்துப் போன கை.

வைகாசியில் காய் முற்றியது. முதல் காயைக் கோயிலுக்குக் கொடுப்பது ஊர் வழக்கம். அதைக்கூடக் கொடுக்கவில்லை. நல்லதாகப் பார்த்துப் பறித்து ஒரு பையில் போட்டுக்கொண்டு, பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, சொல்ல வேண்டியதை முணுமுணுத்துக்கொண்டே போனாள். பக்கத்தில் இருந்தவர்கள் ஜெபமாலை சொல்கிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

கோயிலுக்குப் பின்னால் சந்தில் லியோனார்டின் வீடு. ஆம்பிளைகள் இருவரும் துறைமுகத்துக்குப் போயிருந்தார்கள். ஜானட்தான் கதவைத் திறந்தாள். இளைத்திருந்தாள். "வா அத்தே, உள்ள வா. ஒடம்பு எப்டி கீது?" என்றாள். பாய் போட்டாள். டீ போட்டுக் கொண்டுவந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்து வந்த இருதயம்மாள் டீயைக் குடிக்காமல் பாயோரம் வைத்தாள்.

பையைக் கவிழ்த்தாள். பாயில் மாங்காய்கள் உருண்டன. ஜானட் குனிந்து ஒன்றை எடுத்து மோந்து பார்த்தாள்.

"நம்ம மரமா?"

நம்ம என்று அவள் சொன்னதும் இருதயம்மாள் உடைந்து போனாள். பஸ்ஸில் அடுக்கி வைத்திருந்ததெல்லாம் கலைந்துவிட்டது.

"ஒன் கை இல்லமே ஜானட்டு. என் கை. நான்தான் உப்புத் தண்ணிய ஊத்தி ஊத்தி அத்தினியையும் வுழ வெச்சேன். நீ ஒண்ணும் பண்ணல. நான் பாவி. வாய் கூசாம ஒன்னைச் சொல்ட்டேன். என்ன மன்னிச்சிடு தாயி."

ஜானட் கத்தியை எடுத்து வந்து பாயோரம் உட்கார்ந்து மாங்காயை நறுக்கினாள். உள்ளறையிலிருந்து லியோனார்டின் மகள், இரண்டு வயசுக் குழந்தை, தத்தித் தத்தி வந்து வாயைத் திறந்துகொண்டு நின்றது. ஜானட் ஒரு துண்டைத் தட்டில் வைத்தாள். தட்டைத் தரையில் வைத்து, கொஞ்சம் தள்ளிவிட்டு, தன் கையை இழுத்துக்கொண்டாள். குழந்தை துண்டை எடுக்கப் போய்த் தடுமாறி உட்கார்ந்தது. எட்டிப் பிடிக்கிற தூரம்தான். ஜானட் பிடிக்கவில்லை. "அண்ணி, பாப்பா வுழுந்துட்டா பாரு" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். லியோனார்டின் மனைவி ஓடி வந்து தூக்கிக்கொண்டாள்.

"அவ தொட மாட்டா," என்றாள் அவள், இருதயம்மாளின் முகத்தைப் பார்க்காமல். "இது பொறந்ததுலேர்ந்து ஒரு தபா தூக்குனதில்ல. நாங்க சொல்லிச் சொல்லி பேஜாராப் பூட்டோம். புருசன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் இன்னொரு புள்ள வேணாமாம். எம்புருசன்கூட தலப்பாடா அடிச்சிக்கினாரு."

"ஏம்மே?" என்று இருதயம்மாள் ஜானட்டின் பக்கம் திரும்பினாள்.

"எதுக்கு அத்தே. நல்லா வளர்ற புள்ள," என்றாள் ஜானட்.

"அய்யோ, அதான் சொல்றேனே, அது உப்புமே..."

"மரத்துக்கு உப்பு. சரி அத்தே. எம்புள்ளைக்கு இன்னா?"

இருதயம்மாளுக்கு ராசையா சொன்னதுதான் நாக்கில் வந்தது. "அதுவா கழிஞ்சிச்சி தாயி. சிலது அப்டித்தான் தங்காது. யாரு கையும் காரணமில்ல."

ஜானட் கத்தியைக் கீழே வைத்தாள். அவள் கண்ணில் அப்போதுதான் தண்ணீர் வந்தது.

"இதையேதான் அன்னிக்கு நர்ஸம்மாவும் சொன்னாங்க. நான் அவங்களை நம்பல அத்தே. நீ சொன்னதத்தான் நம்புனேன். நீதானே எனக்குப் பெரியவ?"

சந்தில் யாரோ குடம் மாறிப்போனதற்குக் குழாயடியில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். இருதயம்மாள் எழுந்தாள். லியோனார்டின் மனைவியிடமிருந்து குழந்தையை வாங்கினாள். அது மாங்காயைச் சப்பிக்கொண்டே அவளிடம் வந்தது. ஜானட்டின் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் அதை நீட்டினாள்.

"வாங்கிக்கமே. நான் சொல்றேன், வாங்கிக்க. அன்னிக்கு என்ன நம்புனல்ல, இன்னிக்கும் நம்பு."

ஜானட் கையை நைட்டியில் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள். பிறகு மெதுவாக நீட்டினாள். குழந்தையின் விலாவில் அவள் கை பட்டதுதான் தாமதம், அது திரும்பிப் பார்த்தது. தினமும் பார்க்கிற முகம். ஆனால் அந்தக் கையை அதற்குத் தெரியாது. மாங்காயைக் கீழே போட்டுவிட்டு வீறிட்டுக் கத்தி, அரைமணி நேரத்துக்கு முன்னால் வந்த இருதயம்மாளின் கழுத்தை இறுகக் கட்டிக்கொண்டது.

"பழக்கமில்ல அத்தே. அழுவுது, வுடு," என்றாள் ஜானட். மாங்காய்த் தோலையெல்லாம் கையில் அள்ளிக்கொண்டு வெளியே கொட்டப் போனாள்.